சாம்பல் கிரவுண்டில் ஒரு நூல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் கொத்தனார். மீசை முழுக்க சிமெண்ட் தூள்.

"ஏழுமலைங்கறது யாரு?"

"நாந்தான்."

"அந்துவான் முசே உங்கள ஒடனே கூட்டியாரச் சொன்னாரு. வரும்போது நூல் எடுத்துக்கினு வரணுமாம்."

வாயிலிருந்த நுரை அப்படியே தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

"என்னா நூலு?"

"எனக்கு இன்னா தெரியும்? கேட்டா, 'அவருக்குத் தெரியும்'னாரு."

தெரியும். பதினான்கு வருஷமாகத் தெரியும்.

வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "யாருங்க அது?"

"ஒண்ணுமில்ல கலா... ஒரு பழைய கேசு."

"உங்க மேல கேசா? நாலு பேர் எதிர்ல வாயத் தொறக்க மாட்டீங்க. உங்க மேல போயி எவன் கேசு போட்டான்?"

ஒரு கோல் கீப்பர் போட்டார். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பாதி வயசு மில்லில் போயிற்று. மில் போன பிறகு அச்சாபீசில் தாள் மடிக்கும் வேலை. மடித்த தாளைப் படித்துப் படித்து, எழுத்து என்னிடம் ஒட்டிக்கொண்டது. வாயால் பேச வராததையெல்லாம் இங்கே வந்து கொட்டிவிடுகிறேன். ஆனால் இந்த ஒன்றை மட்டும் இத்தனை வாரமாக எழுதவில்லை. ஏன்? வெட்கம். அதற்கும் கீழே தோண்டினால்... ஒரு சந்தேகம்.

ரெட்டியார்பாளையம் தாண்டி, விழுப்புரம் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் புதிதாக ஒரு நகர் வருகிறது. மஞ்சள் கல் நட்ட மனைகள், பாதி கட்டிய வீடுகள். பெயர்ப் பலகையில் என்னவோ நகர் என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்? டவுன் பஸ் கண்டக்டர் இன்றைக்கும், "சாம்பல் கிரவுண்டுலாம் எறங்கு" என்றுதான் குரல் கொடுக்கிறார்.

கிரவுண்டு போய்விட்டது. ஸ்டாப்பிங் இருக்கிறது.

அது முதலில் ஒரு பள்ளம். எங்கள் மில்லுக்குப் பின்புறம். மில் பாய்லருக்கு ராப்பகலாக நிலக்கரி போடுவார்கள். எரிந்த சாம்பலை எங்கேயாவது கொட்ட வேண்டுமே? அந்தப் பள்ளத்தில் கொட்டினார்கள். வருஷக்கணக்காகக் கொட்டியதில் பள்ளம் நிரம்பி, ஒரு நாள் தரையாகிவிட்டது.

காலை ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் அதில் பந்து உதைக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் ஆசை வளர்ந்தது. மில்லில் கழித்துப் போட்ட இரும்பு உருளை ஒன்றை எட்டுப் பேர் கயிறு கட்டி இழுத்து, தண்ணீர் தெளித்து, தரையைச் சமப்படுத்தினார்கள். பழைய பாய்லர் குழாயை நட்டு கோல் போஸ்ட். தறியில் வேலை பார்த்தவர்கள் பருத்திக் கயிற்றில் கோல் வலை பின்னினார்கள். கடையில் வாங்கியது பந்து ஒன்றுதான்.

நனைத்து உருட்டினால் சாம்பல் இறுகிக் கிடக்கும். மழை பெய்தால் டவுனில் இருக்கிற மைதானங்கள் இரண்டு நாளைக்குச் சேறு. எங்களுடையது அரை மணி நேரத்தில் தண்ணீரைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்கும்.

ஒரே குறை — ஆடி முடித்தவனைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. முழங்கால், முகம், முழுக்கக் கரி.

நான் ஆடவில்லை. ஒரு தடவை ஆடிப் பார்த்தேன். பந்தை விட்டுவிட்டுத் தரையை உதைத்தேன். அன்றோடு எனக்குக் கோடு போடும் வேலை கொடுத்துவிட்டார்கள். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. கோடு போடுகிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

வேலை சுலபம். மில்லில் தேய்ந்து ஒதுக்கிய கதிர்கள் கிடைக்கும் — நூற்கும்போது சுழலுமே, அந்த ஒரு முழ இரும்புக் கம்பி. இரண்டு கதிரை இரண்டு பக்கம் அடித்து, நடுவில் நூலை இழுத்துக் கட்டி, அதன் மேல் சுண்ணாம்பு ஊற்றிக்கொண்டே போக வேண்டும். கறுப்புத் தரையில் வெள்ளைக் கோடு... போட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தால் எனக்கே நெஞ்சு நிமிரும்.

ஆனால் டவுன் டீம் மட்டும் எங்கள் கிரவுண்டில் கால் வைக்கவே மாட்டேன் என்றது.

அவர்களிடம் பூட்ஸ் இருந்தது. பாதிப் பேரின் அப்பாக்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள். கோல் கீப்பர் அந்துவான் நல்ல உயரம், கைக்குக் கையுறை. பெரிய மனிதர்களை எங்கள் ஊரில் ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் 'முசே' என்போம்; அவரும் ஒரு முசே. அவர்தான் ஒரு தடவை டீக்கடையில் வைத்துச் சொன்னார்: "அது கிரவுண்டு இல்லப்பா, குப்பைமேடு. அங்க ஆடிட்டுப் போனா எங்க வூட்டு நாயி என்னையே கடிக்கும்."

கேட்டுக்கொண்டிருந்த எங்கள் முருகேசனுக்குப் பொறுக்கவில்லை. முருகேசன் தறியில் வேலை பார்த்தவன், எங்கள் டீமின் ஃபார்வர்டு. "நாயி கடிக்கறது இருக்கட்டும் முசே. வந்தா நாங்க கடிக்க மாட்டோம். வர்றதுக்கு இன்னா பயம்?"

பேச்சு வளர்ந்து கால்பந்து சங்கம் வரைக்கும் போயிற்று. எங்களுக்கும் ஒரு ஆசை இருந்தது — சங்கத்தின் லீக் ஆட்டங்கள் எங்கள் கிரவுண்டில் நடக்க வேண்டும். சங்கத்தில் ஒரு முடிவு சொன்னார்கள். டவுன் டீம் ஒரு ஆட்டம் அங்கே போய் ஆடட்டும். ரெஃப்ரியைச் சங்கம் அனுப்பும். கிரவுண்டைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை என்றால், அது கிரவுண்டு. ஒரே ஒரு புகார் வந்தாலும்... அது சாம்பல் மேடு. திரும்பக் கேட்டு வரக் கூடாது.

நாள் குறித்தார்கள். காணும் பொங்கல். மில்லுக்கு லீவு நாள்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன்.

சுண்ணாம்புதானே, எப்போது போனாலும் கிடைக்கும் என்று இருந்துவிட்டேன். பொங்கலுக்கு முந்தின வாரம் ஊரில் ஒரு சுவர் பாக்கியில்லாமல் வெள்ளையடிப்பார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. மாட்டுப் பொங்கல் அன்று பக்கெட்டோடு கிளம்பினேன். ரெட்டியார்பாளையத்தில் இல்லை. உழவர்கரையில் இல்லை. சைக்கிளை மிதித்துத் தவளக்குப்பம் வரைக்கும் போனேன். அந்தக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொங்கலு முடியற நேரத்துல சுண்ணாம்பு கேட்டு வந்த மொத ஆளு நீதான்யா. வூட்டுல எதனா விசேஷமா?"

வெறும் பக்கெட்டோடு திரும்பினேன்.

நான் மில்லில் இருந்தது பாவு நூலுக்குக் கஞ்சி போடும் பிரிவு. தறியில் ஏறும்போது நூல் அறுந்துபோகாமல் இருக்க மரவள்ளி மாவுக் கஞ்சியில் தோய்த்து எடுப்போம். லீவுக்கு முன்னால் கரைத்த மாவு அண்டாவில் மீதி கிடந்தது. மேஸ்திரியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கெட்டுப் போவப்போறதுதானே, எடுத்துக்கோ" என்றார்.

கெட்டியாகக் கரைத்து, பாதி வேகவைத்து, ஆட்டத்தன்று காலையில் கோடு போட்டேன். வெயிலில் காயக் காய அது சுண்ணாம்பைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அப்பளம் மாதிரி பளபளவென்று ஒட்டிக்கொண்டது.

ரெஃப்ரியாக வந்தவர் லூர்து. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். முதுகு வளையாத மனிதர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டின் மேலேயே ஒரு சுற்று நடந்தார். என் முன்னால் வந்து நின்றார்.

"கோடு நீ போட்டதா?"

"ஆமாங்க முசே."

"ஊர்ல இந்த மாதிரிக் கோடு பார்த்ததில்ல. என்னா சுண்ணாம்பு?"

"மில்லு... மில்லு சுண்ணாம்பு முசே."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய மனிதர் என்னை மெச்சியது அதுதான் முதல் தடவை. பொய்யும் சொல்லிவிட்டேன், பாராட்டும் வாங்கிவிட்டேன்.

சாயங்காலம் ஆட்டம் ஆரம்பித்தது. சுற்றிலும் தலைகள். மில் சுவர் மேல், தென்னை மரத்தில், மாட்டு வண்டியில். ஹாஃப் டைம் வரைக்கும் யாரும் கோல் போடவில்லை.

ஹாஃப் டைமில் மில் மேனேஜர் எல்லோருக்கும் கரும்பு கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். வடக்குப் பக்கம். மொத்தக் கூட்டமும் அங்கே போயிற்று. தெற்கு கோலுக்குப் பக்கத்தில் நான் மட்டும்.

அப்போது மாடுகள் வந்தன.

முந்தின நாள்தானே மாட்டுப் பொங்கல்? கொம்பில் சிவப்பும் பச்சையும், கழுத்தில் நெட்டி மாலை. யாரும் ஓட்டி வரவில்லை, தாமாகவே வீட்டுக்குத் திரும்புகிற மாடுகள். முன்னால் வந்தது முருகேசன் வீட்டுச் செவலை. அது கோல் போஸ்டுக்கு நடுவில் நின்றது. குனிந்தது. மோந்து பார்த்தது. நாக்கை நீட்டியது.

மரவள்ளிக் கஞ்சி! எந்த மாடு விடும்?

செவலையைப் பார்த்து இன்னும் இரண்டு. துண்டை உதறிக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் இந்தப் போஸ்டிலிருந்து அந்தப் போஸ்ட் வரைக்கும் ஒரு பொட்டு விடாமல் வழித்துவிட்டன. செவலை என்னைத் திரும்பிப் பார்த்தது. நாக்கு கறுப்பாக இருந்தது.

ரெஃப்ரியிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'முசே, கோட்டை மாடு தின்றுவிட்டது' என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? கோடில்லாத கிரவுண்டு — புகார் எழுத இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டாவது பாதியில் அந்துவான் தெற்கு கோலுக்கு வந்தார். கீழே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யோவ், இங்க ஒரு கோடு இருந்துதே?"

"இருக்குது முசே. வெயில்ல தெரியல."

"வெயிலு எனக்குப் பின்னாடி இல்ல அடிக்குது?"

"அதான் முசே."

அவர் மேற்கொண்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். விசில் அடித்துவிட்டது. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். எங்களுக்கு ஒரு கார்னர். பந்து உயரே வந்தது. முருகேசன் எம்பித் தலையால் முட்டினான். அது மேல் கம்பியின் அடியில் பட்டு நேர் கீழே விழுந்தது. அந்துவான் அதன் மேல் பாய்ந்து, அப்படியே நெஞ்சோடு அணைத்துக் குப்புறப் படுத்துவிட்டார்.

"கோல்" என்றது ஒரு கூட்டம். "இல்ல" என்றது இன்னொரு கூட்டம்.

சொல்தா லூர்து ஓடி வந்தார். கையை நீட்டி ஒரே அதட்டு: "பூஜ் பா." அசையாதே என்று பிரெஞ்சில். அந்துவான் அசையவில்லை. சொல்தா குனிந்து தரையைப் பார்த்தார். கறுப்பு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சுத்தக் கறுப்பு.

நிமிர்ந்தார். "ஏழுமலை. கோடு எங்க?"

மொத்தக் கிரவுண்டும் என்னைப் பார்த்தது. ஆயிரம் பேருக்குக் குறையாது. என்ன சொல்ல முடியும்? இடுப்பில் செருகியிருந்த கதிரையும் நூல்கண்டையும் எடுத்து நீட்டினேன்.

சொல்தாவுக்குப் புரிந்துவிட்டது. கதிரை வாங்கினார். பந்தின் முன்பக்கம், மைதானத்தைப் பார்த்த பக்கம், பந்தை ஒட்டித் தரையில் வைத்து ஒரு கல்லால் ஓங்கி அடித்தார். முக்கால்வாசி உள்ளே இறங்கியது. "இப்ப எழுந்திரு" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பந்து முழுசாத் தாண்டியிருக்கணும். போஸ்டுக்குப் பின்பக்கம் ஒட்டி நூல் புடிக்கட்டும். கதிர் நூலுக்கு உள்ள இருந்தா கோல். வெளியில இருந்தா இல்ல."

ஒரு முனையைக் கிழக்குப் போஸ்டில் கட்டினேன். மறுமுனையை மேற்குப் போஸ்டில் நான் பிடித்தேன்.

எத்தனை ஆயிரம் முறை பிடித்த நூல். அன்றைக்கு என் கை உதறிய உதறலில் அதை இழுக்கவே முடியவில்லை. தை மாதத்து வாடைக் காற்று வேறு. நூல் தளர்ந்து ஆடியது. நடுவில் வளைந்தது என்று எனக்கே தெரிந்தது. எந்தப் பக்கம், எவ்வளவு? தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

சொல்தா மண்டியிட்டுப் பார்த்தார். கதிருக்கும் நூலுக்கும் நடுவில் விரலை வைத்தார்.

"ரெண்டு விரல் உள்ள. கோல்."

கூட்டம் கிரவுண்டுக்குள் பாய்ந்தது. முருகேசனைத் தூக்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அந்துவானின் குரல் மட்டும் எனக்குக் கேட்டது. முகமெல்லாம் கரி, கண் மட்டும் வெள்ளை.

"வளைச்சிப் புடிச்சான். நான் பார்த்தேன். நூலை வளைச்சிப் புடிச்சான்."

டவுன் டீம் சங்கத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தது. என்னவென்று? கோடு போடும் ஆள் நூலை வளைத்துப் பிடித்தான் என்று. நூல் மேல் இருந்த கோபத்தில் கோடு காணாமல் போனதை எழுத மறந்துவிட்டார்கள். சங்கத்தில் படித்துப் பார்த்தார்கள். சொல்தா சொன்னாராம்: "இது ஆளப் பத்தின புகார். கிரவுண்டப் பத்தி ஒண்ணுமில்லையே?"

கிரவுண்டு பாஸ். நான் ஃபெயில்.

அதற்குப் பிறகு சாம்பல் கிரவுண்டு வாழ்ந்த வாழ்வை நான் சொல்லித் தீராது. கடலூரிலிருந்து டீம் வந்தது, விழுப்புரத்திலிருந்து வந்தது, மெட்ராஸிலிருந்தே வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் விழுப்புரம் சாலையில் சைக்கிள் போக வழி இருக்காது. பனங்கட்டையில் காலரி. ஒலிபெருக்கி. வேர்க்கடலை, சுண்டல், சோடா. பஸ்காரர்கள் தாங்களாகவே ஒரு ஸ்டாப்பிங் போட்டார்கள். வெளியூர் ஆட்டக்காரர்கள் முட்டியில் கரியோடு ஊர் திரும்பினால் அது பெருமை. 'சாம்பல்ல ஆடிட்டு வந்தியா?' என்று கேட்பார்களாம்.

அந்தக் கதிரை யாரும் பிடுங்கவில்லை. மறுநாளே எங்கள் ஆட்கள் அதைத் தரை மட்டத்துக்கு அறுத்து, சுற்றிச் சிமெண்ட் பூசி, மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு முன்னால் குனிந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். எந்த மதத்துக்காரன் என்ற வித்தியாசமே கிடையாது. கோல் எல்லோருக்கும் வேண்டுமே.

எனக்கு மட்டும் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. வளைச்சான். டவுனில் டீக்கடைக்குள் நுழைந்தால் போதும் — "வளைச்சான் வந்துட்டாரு, டீய நேரா ஊத்துப்பா." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். டீ உள்ளே இறங்காது. ஏனென்றால் அந்துவான் சொன்னது பொய் என்று எனக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. நூல் வளைந்தது. நான் பார்த்தேன். ஒருவேளை அது கோலே இல்லையென்றால்? இந்தக் காலரி, ஒலிபெருக்கி, பஸ் ஸ்டாப்பிங் எல்லாமே என் கை உதறலில் வந்ததுதானா?

வாசகர்களே, சந்தோஷமான ஒரு விஷயத்தில் குத்திய முள் மாதிரி எதுவும் கிடையாது.

அப்புறம் மில் இளைத்தது. மூன்று ஷிப்டு இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. ஒரு நாள் பாய்லரை நிறுத்தினார்கள். நாங்கள் கூலியைப் பற்றித்தான் கவலைப்பட்டோம். கிரவுண்டுக்கு அதுதான் சாவு என்று அப்போது தோன்றவில்லை. வருஷா வருஷம் புதுச் சாம்பல் போட்டு உருட்டினால்தானே அது கிரவுண்டு? சாம்பல் வருவது நின்றது. காற்று கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போயிற்று. குழி விழுந்தது. காலி இடம் என்று லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கருவேல முள் ஏறியது. கோல் போஸ்டை யாரோ தரையோடு அறுத்து எடுத்துப் போனார்கள். முருகேசன் தவளக்குப்பத்துக்கு மாமனார் ஊரோடு போய்விட்டான். கடைசியில் மஞ்சள் கல் நட்டு மனை போட்டார்கள். நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். ஓரமாக நின்று பார்த்தேன். நன்றாகத்தான் பிடித்தார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

கொத்தனார் முன்னால் சைக்கிளில் போக, நான் பின்னால் போனேன். பையில் நூல்கண்டு. சாம்பல் கிரவுண்டு ஸ்டாப்பிங்கிலிருந்து நாலாவது மனை. அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டியிருந்தார்கள். ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அந்துவான். சில வருஷம் பிரான்சில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். முடி கொட்டிவிட்டது. உயரம் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் அவர் மனைவி, குடை பிடித்துக்கொண்டு.

"வாங்க ஏழுமலை." அன்று யோவ், இன்று வாங்க. "மனை வாங்கும்போது கிரவுண்டுன்னு தெரியும். கிரவுண்டுல எந்த எடம்னு தெரியாது. முந்தாநாள் தோண்டறப்ப அந்த மூலையில ஒரு இரும்புக் கொழாய் தட்டுச்சி. நேத்து இந்த மூலையில இன்னொண்ணு. நடுவுல அளந்தேன். இருபத்தி நாலு அடி." இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "அந்த அளவு எனக்குத் தெரியாதா? பத்து வருஷம் அதுக்கு நடுவுலதானே நின்னேன்."

மனையின் நடுவில் கையைக் காட்டினார். ஒரு இடத்தில் மண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்ட். அதில் இன்னும் கொஞ்சம் சிவப்பு. நடுவில் துருப்பிடித்த கதிர்.

குனிந்து பார்த்தேன். சொல்தா அன்று அடித்த அதே கதிர்.

"பதினாலு வருஷம் ஆச்சி. இன்னைக்குத் தீர்த்துக்கலாம்" என்றார் அந்துவான். "நூலைக் குடுங்க. நீங்க புடிக்கக் கூடாது. நானும் புடிக்க மாட்டேன்."

கொத்தனார் ஒரு குழாயின் பின்பக்கம் ஒரு முனையை வைத்தார். சித்தாள் அம்மா ஒருத்தர், செல்லியம்மா என்று பெயர், மறுமுனையைப் பிடித்தார்.

"இன்னா முசே, வூட்டுக்கா புடிக்கறோம்?"

"இல்லம்மா. ஒரு பந்துக்கு."

"பந்துக்கா? கூலி ஒண்ணுதானே, இழு கொத்தனாரே."

இழுத்தார்கள். காற்றில்லை. வீணைக் கம்பி மாதிரி நின்றது நூல். அந்துவான் கடக்காலைத் தாண்டி இறங்கினார். மண்டியிட்டார் — சொல்தா லூர்து மண்டியிட்ட அதே இடத்தில். சொல்தா இப்போது இல்லை, போன வருஷம் காலமாகிவிட்டார். இருந்திருந்தால் நூலைவிட நேராக நின்று பார்த்திருப்பார்.

நான் கதிரைப் பார்க்கவில்லை. அந்துவானின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரலை வைத்தார். ஒன்று. இரண்டு. கை நின்றது. மூன்றாவது விரலை வைத்தார். நான்காவதும் போயிற்று.

"கொத்தனாரே, இன்னும் இழு."

"இதுக்கு மேல இழுத்தா அறுந்துடும் முசே."

அந்துவான் எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாலு விரல் உள்ள" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தரையிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "அன்னைக்கி ரெண்டு விரல்தானே காட்டுச்சி?"

"ஆமாம் முசே."

"அப்ப நான் சொன்னது சரிதான். நீங்க வளைச்சித்தான் புடிச்சிருக்கீங்க."

"...ஆமாம் முசே."

"உள்பக்கமா வளைச்சிருக்கீங்க. எனக்குச் சாதகமா."

வாடைக் காற்று! வடக்கிலிருந்து அடித்த காற்று தளர்ந்த நூலைத் தெற்கே, கோலுக்குள் தள்ளியிருக்கிறது. என் கை உதறலும் காற்றும் சேர்ந்து டவுன் டீமுக்கு இரண்டு விரல் இனாம் கொடுத்திருக்கின்றன. அப்படியும் அது கோல்.

முதலில் சிரித்தது அவர் மனைவி. குடை குலுங்கியது. "பதினாலு வருஷமா ராத்திரி சாப்பாட்டுல எல்லாம் இந்த நூலுக் கதைதாங்க" என்று என்னிடம் சொன்னார். "ஃபிரான்சுல பனி கொட்டறப்பக்கூட இதையே சொல்லுவாரு."

அந்துவான் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது ஏழுமலை. அன்னைக்கி கோடு எங்க போச்சி? உண்மையச் சொல்லுங்க."

பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு வாய் சுலபமாகத் திறந்தது.

"மாடு தின்னுடுச்சி முசே."

"என்னாது?"

"சுண்ணாம்பு கெடைக்கல. மரவள்ளிக் கஞ்சியில போட்டேன். ஹாஃப் டைம்ல மாடு வந்து நக்கிட்டுப் போயிடுச்சி. முருகேசன் வூட்டுச் செவலை."

"கோல் போட்டவன் வூட்டு மாடா?"

"அதேதான்."

அவர் சிரித்த சிரிப்பில் செல்லியம்மா நூலை விட்டுவிட்டார். பக்கத்து மனையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். அந்துவான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அன்னைக்கி உங்க டீம்ல பன்னெண்டு பேரு" என்றார்.

யோசித்துப் பார்க்கிறேன். தரையில் போடுகிற கோட்டை மாடு தின்னும், மழை கரைக்கும், காலம் அழிக்கும். ஆனால் இரண்டு முளை நின்ற இடத்தில் நின்றால் போதும். எத்தனை வருஷம் கழித்தும் கோட்டைத் திரும்ப வரவழைக்கலாம். கோல் போஸ்டை அறுத்தவர்கள் மண்ணுக்குள் இருந்த அடிப்பாகத்தைத் தோண்டச் சோம்பல்பட்டார்களே, அவர்களுக்கு என் நன்றி.

கிளம்பும்போது அந்துவான் கொத்தனாரைக் கூப்பிட்டார். கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் வருகிற நிலைவாசல் இந்த நூலுக்கு ஒரு அடி தள்ளித்தான் வருகிறதாம், வரைபடத்தில். "அந்த நிலைய நூல் மேலேயே வச்சிடு" என்றார். "கதிரப் புடுங்காத. அப்படியே தரையில பதிச்சிடு."

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "வாஸ்து..."

"இதான்யா வாஸ்து."

வீட்டுக்கு வந்ததும் கலா கேட்டாள்: "கேசு இன்னா ஆச்சி?"

"ஜெயிச்சிட்டோம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

வீடு வைகாசிக்குள் முடிந்துவிடும் என்று சொன்னார் அந்துவான். அதற்குப் பிறகு சாப்பிட எழுந்து போகிற ஒவ்வொரு தடவையும் அவர் எங்கள் கோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். மனிதர் ஒரு நாளைக்கு மூன்று வேளை தவறாமல் சாப்பிடுகிறவர். ஸ்கோரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.